பிலோ அக்காவுக்கு நான் போடாத பதில்

1

எங்கள் பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என் தம்பி லாரன்ஸ் மூலமாகக் கேட்டிருந்தார்கள். கடிதத்தோடு ஒரு புகைப்படமும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ராயபுரத்தில் எடுத்தது. சர்ச் ஹாலில் பங்குத்தந்தை எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார். நான் தலையைக் குனிந்து நிற்கிறேன். பார்ப்பவர்களுக்கு அது அடக்கம் மாதிரித் தெரியும். படத்துக்குக் கீழே போடவேண்டிய வரியையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்: "ஆப்பிரிக்கத் தூக்க வியாதிக்கு மருந்து தந்த நம் பள்ளி மாணவர்."

நான் மருந்து தரவில்லை. நான் செய்தது வேறு ஒரு காரியம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். அந்தப் படத்தை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம்.

2

சுவிட்சர்லாந்தில் பாசல் என்ற ஊருக்கு நான் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மருந்து கம்பெனிகளுக்காகக் கூலிக்குச் சோதனை செய்து கொடுக்கும் ஒரு சின்ன சோதனைச்சாலையில் வேலை. அவர்கள் தூளை அனுப்புவார்கள். அது எவ்வளவு சுத்தம் என்று பார்த்து நாங்கள் காகிதம் கொடுப்போம். காலை ஆறே முக்காலுக்கு டிராம். ஏழேகாலுக்கு வெள்ளைக் கோட்டு. மாலை ஐந்துக்கு அதே டிராம். பக்கத்து சீட்டுக்காரர் எட்டு வருடமாக அதே ஆள்தான். குட்மார்னிங் மட்டும் உண்டு.

இங்கே வருவதற்கு முன் எண்ணூர் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் இருந்தேன். ஷிப்டு முடிந்து வந்தால் அம்மா சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள். அமோனியா வாடை அப்படி. இங்கே என் சட்டையில் எந்த வாடையும் இல்லை. முதல் வருடம் அதை ஒரு பெருமையாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பிலோமினா அக்காவினுடையது. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். என்னைவிட மூன்று வயது பெரியவள். தண்ணி லாரி வந்தால் தன் குடத்தோடு எங்கள் குடத்துக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள். யாராவது நகர்த்தினால், "இன்னாத்துக்கு அத்த தொட்ற? ஜெரி வந்துகினு கீறான்" என்று சண்டைக்குப் போவாள். நான் வந்துகொண்டிருக்க மாட்டேன். அப்போதுதான் எழுந்திருப்பேன்.

பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். நர்சுப் படிப்பு படிக்க வைத்து உகாண்டாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி. அவளுக்கு என் விலாசம் தெரியாது. அதனால் தொண்ணூற்றொன்பதில் அவள் எழுதிய கடிதம் ராயபுரத்துக்குப் போய், லாரன்ஸ் அதை வேறு உறையில் போட்டு, ஜூன் மாதக் கடைசியில் எனக்கு வந்து சேர்ந்தது.

கடிதம் இப்படி இருந்தது:

"ஜெரி, நல்லா இருக்கியா? இங்க ஒரு ஈ கடிச்சா தூக்க வியாதி வருது. பேரைக் கேட்டு சிரிக்காதே. பகல்ல தூங்கி விழுவாங்க, ராத்திரி முழிச்சிருப்பாங்க. அப்புறம் புத்தி மாறும். சொந்தப் புள்ளையே அடையாளம் தெரியாது. கடைசியில முழுசா தூங்கிடுவாங்க. எங்க கிட்ட இருக்கிற ஊசி பாஷாணத்துல செஞ்சது. பிளாஸ்டிக் சிரிஞ்சே கெட்டுப் போகும், கண்ணாடி ஊசிதான் வேணும். ரத்தக் குழாய் எரியும். போட்டுக்குறவங்கள்ல சில பேர் வியாதியால சாகல, ஊசியாலயே சாகுறாங்க. கிரேஸ்னு ஒரு டீச்சர். ஒரு தடவ ஊசி முழுசா போட்டும் வியாதி திரும்பி வந்திருக்கு. கிளாசுல போர்டு பூரா ஒரே வார்த்தைய எழுதிக்கிட்டே இருந்தாளாம். அவ புருசன் மோசஸ் சைக்கிள்ல உட்கார வச்சு கட்டி இட்டுக்கினு வந்தான். இன்னொரு மருந்து இருந்துச்சாம், அதுல எழுந்து உட்கார்ந்தாங்களாம், இப்ப செய்யறது இல்லையாம். நீ மருந்து செய்யற ஊர்லதானே இருக்கே. எங்கயாவது மீதி கெடக்கான்னு கேட்டுப் பாரு. அந்தப் பாஷாணத்தையே இவளுக்கு மறுபடியும் போட எனக்குக் கை வரல."

அவள் கேட்ட மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு எழுத்து தப்பு. இருந்தாலும் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. அந்தத் தூள் என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில், கிடங்கு அறையில் இருந்தது.

3

அந்த மருந்தின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். முதலில் அதைப் புற்றுநோய்க்கு என்றுதான் உண்டாக்கினார்கள். அதற்குப் பெரிதாக உதவவில்லை. தூக்க வியாதியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தபோது மயக்கத்தில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால் அந்த வியாதி வருகிறவர்கள் விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள். அதனால் தயாரிப்பு நின்றது. பிறகு, பெண்களின் முகத்தில் முடி வளர்வதை அதே தூள் குறைக்கிறது என்று தெரிந்து, களிம்பாகச் செய்ய ஏற்பாடு நடந்தது. எங்கள் சோதனைச்சாலைக்கு அந்த வருடம் கிடைத்த நல்ல வேலை, அந்தக் களிம்புக்கான தூளைச் சோதிப்பது. அதைச் செய்தவன் நான்.

கிடங்கில் இருந்தது களிம்புக்கான தூள் அல்ல. முன்பு ஊசிக்கென்று செய்து, களிம்புத் தூளோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அனுப்பி, திரும்ப வாங்கப்படாமல் கிடந்த பழைய சரக்கு. ஆறு கிலோ. தேதி முடிந்திருந்தது. ஒப்பீட்டுக்காக நானே அதைச் சோதித்தேன். எந்தக் குறையும் இல்லை.

ஜூலையில் கிடங்கைக் காலி செய்தார்கள். தேதி முடிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், எடை, தேதி. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பொருளுக்கு வேறு பயன் உண்டா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். ஆம் என்று குறி போட்டால் யாருக்கு, எதற்கு என்று எழுதி, மேலதிகாரியிடம் போய்ப் பேசி, சரக்குக்காரர்களுக்குக் கடிதம் போட வேண்டும்.

அப்போது எனக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் அனுமதி அட்டைதான். நிரந்தரமாகத் தங்க மனு போட்டிருந்தேன். அயல்நாட்டார் அலுவலகத்தில் மூன்று முறை வரிசையில் நின்றாகிவிட்டது. ஒரு முறை பிறப்புச் சான்றிதழில் ராயபுரம் என்று இருந்தது, பாஸ்போர்ட்டில் மெட்ராஸ் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று என் ஓட்டை ஜெர்மனில் விளக்கியதற்கு கவுண்டரில் இருந்த அம்மாள், "ஒன்று என்றால் ஏன் இரண்டு பெயர்?" என்றாள். மேலதிகாரி ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் போய், ஆப்பிரிக்காவில் எனக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரீ இருக்கிறாள் என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. தொந்தரவு பிடித்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

பிலோ அக்காவின் கடிதம் வீட்டு மேசை டிராயரில் இருந்தது. நான் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். மறுநாள் வண்டி வந்து டப்பாக்களை எரிக்கக் கொண்டுபோனது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பேச்சுகூட நடக்கவில்லை. அந்தக் குறியைப் போட ஒரு வினாடிகூட ஆகியிருக்காது.

4

அவளுக்குப் பதில் எழுதவில்லை. "விசாரிக்கிறேன்" என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது பொய். உண்மையை எழுதவும் முடியவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, அப்புறம் இவ்வளவு நாள் கழித்து எப்படி எழுதுவது என்பதே ஒரு சாக்காகிவிட்டது.

சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. நிரந்தர அட்டையும் கிடைத்தது. அன்று மாலை என் மனைவி ஸ்டெல்லா கேசரி கிண்டினாள்.

இரண்டு வருடம் கழித்து நிலைமை மாறியது. மருத்துவர்களும் தொண்டு அமைப்புகளும் விடாமல் சத்தம் போட்டு, அந்த மருந்தின் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. ஆப்பிரிக்காவுக்கு இலவசமாகப் போக ஆரம்பித்தது. செய்தியைப் பேப்பரில் படித்தேன். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கு எனக்கு உரிமை இல்லை என்று அப்போதே தெரியும்.

பிலோ அக்காவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "மருந்து வந்துடுச்சி ஜெரி. பதில் போடாத கள்ளன், வேலைய முடிச்சிட்டே" என்று இருந்தது. கிரேசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கும் நான் பதில் எழுதவில்லை.

என் மகள் ஷீபாவுக்கு அப்போது பதினொரு வயது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போவாள். இங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். என் மகள் "ஓம் அப்பா", "விளங்கேல்லை அப்பா" என்றுதான் பேசுவாள். என் அம்மாவோடு போனில் பேசினால் இரண்டு பக்கமும் புரியாமல் போனை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் என் ஊர்ப் பேச்சை வீட்டில் பேசுவதில்லை. இங்கே வரும் மற்ற சென்னைக்காரர்கள் முன்னால் அது வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கிப் பழகி, அது என்னிடமிருந்து மகளுக்குப் போகாமலே நின்றுவிட்டது.

அவள் ஒருநாள் மேசையில் நான் எடுத்து வைத்திருந்த அக்காவின் முதல் கடிதத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "அப்பா, துக்க வியாதி எண்டா என்ன?" என்று கேட்டாள். துக்கம் இல்லை, தூக்கம் என்று திருத்தினேன். "நீங்கள் அதுக்கு மருந்து செய்யிறீங்களோ?" என்றாள். "அப்பா ஆபீஸ்ல அந்த மருந்தைச் சோதிக்கிறேன்" என்றேன். அது பொய்யில்லை. களிம்பு என்று மட்டும் சொல்லவில்லை.

5

இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் லாரன்ஸின் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். பிலோ அக்கா அதற்கு ஒரு வருடம் முன்பே திரும்பி வந்து, எர்ணாவூரில் மடத்துக்காரர்கள் நடத்தும் சின்ன மருந்தகத்தில் இருந்தாள். முழங்கால் போய்விட்டது. திரும்பி வந்தவள் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெரு முழுக்க, ஜெரிதான் மருந்து அனுப்ப வைத்தான் என்று சொல்லி வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து ஹாலுக்கு வரச் சொன்னார்கள். கல்யாண விஷயம் என்று நினைத்துப் போனேன். மேடையில் நாற்காலி போட்டிருந்தது. என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நம் தெருப் பிள்ளை, ரயில்வே தொழிலாளியின் மகன், ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றினான் என்று பங்குத்தந்தை பேசினார். முன்வரிசையில் பிலோ அக்கா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான், "எல்லாம் ஆண்டவர் செயல்" என்றேன். ஆண்டவரையும் இதில் இழுத்துவிட்டேன். கை தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் தோளில் கை போட்டு, "நைனா, என் மச்சான் பகல்லயே தூங்கிக்கினு கீறான். அந்த மருந்து ரெண்டு அனுப்பி வுடேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷீபா மட்டும் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் தன் அப்பாவைக் கொண்டாடுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

6

மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்து எர்ணாவூர் போனேன். பிலோ அக்கா மருந்தகத்தில் பஞ்சு நறுக்கி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா பெரிய மனுசா. இன்னா சாப்ட்ற?"

"அக்கா, அந்த மருந்து வந்ததுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

"பேசுனியே நேத்து, ஆண்டவர் செயல்னு. அத்தோட வுடு. ரொம்ப அடக்கமும் ஆவாது."

"அடக்கம் இல்லக்கா. உன் லெட்டர் வந்தப்ப என் கிட்டயே அந்தத் தூளு இருந்துது. எரிக்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நான் படிவம், கட்டம், அட்டை, சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு கேட்டாள்:

"எவ்ளோ இருந்துது?"

"ஆறு கிலோ."

உதடு அசைய மனசுக்குள் கணக்குப் போட்டாள். மருந்து வந்த பிறகு, ஊர் திரும்பும்வரை அதைக் கலந்து கொடுத்தவள். "ஒரு ஆளுக்குப் பதினாலு நாளு. கால் கிலோவுக்கு மேலயே ஆவும். இருவது பேரு." பிறகு, "அது ஊசிக்கு ஆவுற சரக்கா?" என்றாள்.

"தேதி முடிஞ்சி போச்சி. ஆனா நல்லாதான் இருந்துது. நானே பாத்தேன்."

"கேட்டியா? யாராவது தர முடியாதுன்னாங்களா?"

"யாரையும் கேக்கலக்கா."

"கேட்டு அவங்க இல்லேன்னு சொல்லியிருந்தா, அவங்க மேல கோவப்பட்டிருப்பேன். இப்ப இன்னா பண்றது?"

வெளியே ஒரு அம்மாள் குழந்தையோடு வந்து நின்றாள். பிலோ அக்கா எழுந்துபோய்க் காய்ச்சல் பார்த்து, சிரப்பு கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"கிரேஸு பூட்டா. ஆகஸ்டு பதினஞ்சு, மாதா திருநாளு. உன் கிட்டேர்ந்து ஏதாவது வரும்னு ரெண்டு மாசம் பாத்தேன். அதுக்கு மேல தாங்காதுன்னு அந்தப் பாஷாணத்தையே ஆரம்பிச்சோம். மூணாவது ஊசி. நான்தான் போட்டேன். அன்னிக்கி சாயங்காலம் வலிப்பு வந்துது. காலைல உயிர் இல்ல."

"நீ என்னக்கா பண்ணுவ" என்றேன்.

"நான் பண்ணேன்னுதான் சொல்றேன். மோசஸ் என்னிய ஒரு வார்த்த கேக்கல. நானாதான் அவன் வூட்டுக்குப் போய், நான் போட்ட ஊசிலதான் பூட்டாப்பா, வியாதில இல்லன்னு சொன்னேன். ரெண்டு நாளு அந்தப் பக்கம் போகாம சுத்திக்கினு, மூணாம் நாளுதான் போனேன்." மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்தாள். "அட்ரசு தரேன். அவனுக்கு இங்கிலீசு தெரியும். நீயும் எழுதிச் சொல்லு."

"ஊர்ல எல்லார் கிட்டயும்..."

"ஊருக்கு நீ எப்ப வேணா சொல்லிக்கோ. பொண்டாட்டி செத்தது அவனுக்கு."

என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. டீ வாங்கி வரச் சொல்லி, குடிக்க வைத்துத்தான் அனுப்பினாள். வாசல்வரை வரவில்லை. முழங்கால் வலி என்றாள்.

7

மோசஸுக்கு அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பத்து மாதம் ஆனது. நான்கு பக்கம் எழுதினேன். சட்டதிட்டங்களை விளக்கினேன். காலாவதியான பொருளைப் பற்றிய விதி, என் விசா நிலைமை, தூளை ஊசி மருந்தாக்க எத்தனை அனுமதி வேண்டும் என்பது, எல்லாம். என் ஆங்கிலத்தைச் சரி பார்க்க ஷீபாவிடம் கொடுத்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. நடந்த எதுவும் அதுவரை அவளுக்குத் தெரியாது. இப்படித்தான் தெரிந்தது. நேரில் சொல்லாமல், பிழை திருத்தச் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் என் கோழைத்தனம்தான்.

அவள் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் வரவில்லை. வந்து காகிதத்தை மேசையில் வைத்தாள். பிழைகளைத் திருத்தியிருந்தாள்.

"அப்பா, நாலு பக்கத்திலயும் நீங்கள் செய்ததைக் காணேல்லை."

"எழுதியிருக்கேனே."

"'அழிக்கப்பட்டது' எண்டு இருக்கு. 'தீர்மானிக்கப்பட்டது' எண்டு இருக்கு. ஆர் செய்தது எண்டு இல்லை."

அவள் போய்விட்டாள். அன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அதற்குப் பிறகும் பல வாரம், கேட்டதற்கு மட்டும் பதில். பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் இப்போதெல்லாம் "சோதனைச்சாலை" என்று மட்டும் சொல்கிறாளாம். ஸ்டெல்லா சொன்னாள்.

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு ஐந்து வரி எழுதினேன். உங்கள் மனைவிக்கு உதவக்கூடிய மருந்து என்னிடம் இருந்தது. சிஸ்டர் பிலோமினா கேட்டு எழுதியிருந்தார். எனக்கு நினைவிருந்தும் வேறு பயன் இல்லை என்று எழுதி, அதை எரிக்க நான் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. இதை உங்களிடம் சொல்ல ஆறு வருடம் தாமதித்துவிட்டேன்.

இப்போது மாத்திரையையும் அந்த ஊசியையும் சேர்த்துக் கொடுத்து, பதினாலு நாள் சிகிச்சையைச் சுருக்கப் பார்க்கிறார்கள். முழுக்க மாத்திரையாகவே கொடுக்க வழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களில், சைக்கிளில் நோயாளியைக் கட்டிக் கொண்டு வருகிற இடங்களில் இருந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். மலரில் போட வேண்டுமென்றால் அவர்களைத் தேடிப் பிடித்துப் போடுங்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை.

மோசஸின் பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. நோட்டுப் புத்தகத் தாளில், நேரான கையெழுத்தில் இரண்டே வரி. சொன்னதற்கு நன்றி. அதை எரித்தது எந்த மாதம்?

ஜூலையில் அந்தத் தூளைக் கேட்டு வாங்கி, ஊசி மருந்தாக்கி, ஆகஸ்டு நடுவுக்குள் உகாண்டாவின் அந்த மூலைக்குக் கொண்டுசேர்க்க எவராலும் முடிந்திருக்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் 'தேடுகிறேன், கொஞ்சம் பொறு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது ஆகஸ்டுக்குள் போயிருக்கும். அவள் அந்த ஊசியை ஆரம்பிக்காமல் இருந்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும்.

முதலாவதை எழுதினால் நான் தப்பித்துக்கொள்வேன். இரண்டாவதை எழுதினால் அவருக்கு இன்னொரு பாரம். ஒரு தபால் அட்டையை எடுத்து, 'ஜூலை' என்று மட்டும் எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.